வீட்டுக்காரரின் எலிகள்

பிரமாச்சி கிரைண்டர் குழவியைத் தூக்கி ஒரு சுண்டெலியின் மேல் போட்ட அந்தக் காலையில்தான், மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தீத்தாரப்பனுக்கு இடது தோள்பட்டை நொறுங்கியது. யாரும் அவரைத் தொடவில்லை, அவர் வழுக்கி விழவும் இல்லை. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து நின்ற மனிதர் நின்ற நிலையிலேயே ஒரு பக்கமாக நசுங்கிச் சரிந்தார் என்று அவர் மனைவி ஆவுடைத்தங்கம் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். கீழே பிரமாச்சியின் காதில் அந்த அலறல் விழத்தான் செய்தது. ஆனால் முந்தின நாள் அவள் விற்ற இட்லி மாவில் ஒரு எலிக்குஞ்சு, மயிர்கூட முளைக்காத சிவப்புக் குஞ்சு, கிடந்திருக்கிறது. வாங்கிப்போனவர்கள் தெருவே கூடி நிற்க அந்த மாவைக் கொண்டுவந்து அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த அவமானத்தோடு விடிந்தவள், ஊறவைத்த உளுந்துக்குள் ஒரு எலி தலையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கையில் அகப்பட்டதைத் தூக்கிப் போட்டாள். குழவியைப் புரட்டியபோது எலி தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தது. மேலே யார் அலறினால் அவளுக்கென்ன?

அந்த இடத்துக்கு வளவு என்று பேர். மாடியில் வீட்டுக்காரர், கீழே முற்றத்துக்கு இரண்டு பக்கமும் ரயில்பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டிக் குடித்தனங்கள், நடுவில் ஒரு குழாய், பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பருப்புக் கிட்டங்கி. கிட்டங்கியில் உளுந்தும் துவரையும் மூட்டை மூட்டையாக இறங்க ஆரம்பித்ததிலிருந்து எலிகள் மதிலைத் துளைத்து வளவுக்கு வந்துபோயின. பிறகு போவதை நிறுத்திவிட்டு வந்த இடத்திலேயே தங்கிவிட்டன. பொந்துகளைச் சிமெண்டு வைத்துப் பூசித் தாருங்கள் என்று மாடிப்படியில் போய் நின்றால் தீத்தாரப்பன், "எலியும் குடியிருக்க வந்திருக்கு, நீயும் குடியிருக்க வந்திருக்கே. இதுல நான் யாரை வெரட்ட?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்து வைத்திருந்தார் அவர். பிரமாச்சியின் மகள் செண்பகத்துக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு பகலில், துணி நனைத்துப் போட ஒரு குடம் தண்ணீர் கேட்டுப் போன பிரமாச்சியின் புருஷன் கொம்பையாவை, சத்தமாகக் கேட்டுவிட்டான் என்பதற்காகக் காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் அடித்தார். வளவே பார்த்துக்கொண்டிருந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், மூட்டையைத் தனியாளாகத் தூக்கி எறிகிறவன், கன்னத்தைத் தடவிக்கொண்டு திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். அன்றிலிருந்து அவன் பிரமாச்சியை முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசியது கிடையாது. எதிர்வீட்டுக் குருவம்மாளுக்கு நடந்தது அதைவிடப் பெரிது. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனபோது, பிணத்தை வளவுக்குள் கொண்டுவரக் கூடாது, பிணம் கிடந்த வீட்டுக்கு நாளைக்கு எவன் குடிவருவான் என்று வாசலில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார் தீத்தாரப்பன். குருவம்மாள் புருஷனைத் தெருவிலேயே வைத்துக் குளிப்பாட்டி, தெருவிலிருந்தே சுடுகாட்டுக்கு அனுப்பினாள். அன்றைக்கு அவள் அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தோள் முறிந்ததை வாதம் என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள், வயசு என்றார்கள். பிறகு, மூலைவீட்டில் இருந்த பரோட்டா மாஸ்டர் மைதீன் தன் எலிப்பெட்டியில் விழுந்த ஒன்றைப் பெட்டியோடு வாளித் தண்ணீரில் முக்கினான். அதே நேரம் மாடியில் காய்ந்த தரையில், காய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தீத்தாரப்பன் கண் பிதுங்கி, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்ட, காற்றைக் கையால் பிறாண்டினார். எலி அடங்கியதும் அவருக்கு மூச்சு வந்தது. அதற்கடுத்து குருவம்மாள் அடுப்படிப் பொந்தில் கொதிக்கக் கொதிக்கச் சோற்றுக் கஞ்சியை ஊற்றியபோது, சட்டைக்குள் அவர் முதுகு முழுக்கக் கொப்புளம் போட்டது. ஆவுடைத்தங்கம் மாடிப் படியில் நின்று கீழே பார்த்தாள். குருவம்மாள் கையில் காலிச் சட்டியோடு மேலே பார்த்தாள். வளவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

யாரும் ஆச்சரியத்தில் வாயைப் பிளக்கவில்லை. பால்காரரிடம் சொன்னார்கள், அவர், "எந்த எலியா இருந்தாலுமா, இல்ல வளவு எலி மட்டுந்தானா?" என்று கேட்டுக்கொண்டு பாலை ஊற்றினார். வளவு எலி மட்டும்தான் என்று பதில் சொன்னார்கள். ஏன் இப்படி என்று யாருமே கேட்கவில்லை; எப்படி அடித்தால் எங்கே வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும் என்பதைத்தான் கேட்டார்கள். வாலை நறுக்கினால் நடுமுதுகில் வலிக்கும் என்றும், காதைக் கிள்ளினால் காது என்றும், பட்டினி போட்டால் அவருக்கும் வயிறு எரியும் என்றும், குழந்தைக்கு எந்தப் பால் கொடுத்தால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்று பேசிக்கொள்கிற அதே குரலில் குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

ஆவுடைத்தங்கம் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி வீடு வீடாக நின்றாள். முற்றத்தில் எல்லோரும் கூடியதும் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவிய செய்தது எல்லாம் தப்புதான். மோட்டார் இனிமே பூட்ட மாட்டாவ. பொந்தையும் பூசித் தாரோம். எலிய மட்டும் கொல்லாதீங்க. உங்க வீட்டு மனுசன் மாதிரி நெனச்சுக்கிடுங்க."

"எங்க வீட்டு மனுசனா?" என்றாள் குருவம்மாள். "எங்க வீட்டு மனுசனத்தான் நீங்க உள்ள விடலியே. தெருவுல வச்சுல்லா குளிப்பாட்டுனேன். அப்ப நீங்க சன்னல்ல நின்னியளே ஆவுடக்கா, நான் பாத்தேனே."

"நின்னேன்ட்டி. எறங்கி வந்திருக்கணும். வரல."

"இப்ப வந்திருக்கியோ."

வெற்றிலையை யாரும் எடுக்கவில்லை. பிரமாச்சிக்கு அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததும் உண்மை, உள்ளுக்குள் எதுவோ இனித்ததும் உண்மை.

மோட்டார்ப் பெட்டி திறந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது. ஆனால் தண்ணீர் வந்ததும் வளவுக்காரர்களுக்கு மனசு ஆறிவிடவில்லை, ஆறுவதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. இந்த வளவில் முன்னே குடியிருந்து சட்டியும் பானையும் வெளியே எறியப்பட்டவர்கள், மழையில் நின்றவர்கள், மரியாதை கெட்டவர்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்தார்கள். கூடையில் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி வந்து, "ஒரே ஒரு எலி குடுங்க தாயி" என்று கேட்டார்கள். மைதீன் எலிப்பெட்டிகளை வரிசையாக வைத்தான். வளவு வாசலில் ஒருவர் டீக்கடை போட்டார். வந்தவர்கள் அவரவர் முறை வரும்வரை டீ குடித்துக்கொண்டு தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள்; சொல்லச் சொல்ல அழுதார்கள்; முறை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவர் கல்லாலும் ஒருவர் கட்டையாலும் ஒருவர் வெறும் குதிகாலாலும் அவரவர் எலியைக் கொன்றார்கள். மேலிருந்து அலறல் வரும். கேட்டுவிட்டு, பெரிய வேலை ஒன்றை முடித்த அசதியோடு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்கள்.

பிரமாச்சி ஒரு எலியைத் தனக்கென்று வாங்கி வைத்தாள். கொம்பையா வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து, அதன் வாலைத் தரையில் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, செருப்பால் அடித்தாள். ஒரே அடியில் கொல்லாமல், பார்த்துப் பார்த்து அடித்தாள். மாடியில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கொம்பையா எழுந்து உட்கார்ந்தான். வெகுகாலத்துக்குப் பிறகு அவளை முகத்துக்கு நேராகப் பார்த்தான்.

"போதும்ட்டி" என்றான்.

"உங்களுக்குப் போதும். எனக்கு?"

மறுநாள் அவள் மாடிக்கு மாவு கொண்டு போனாள். வேண்டுமென்றேதான் போனாள். தீத்தாரப்பன் கட்டிலில் கிடந்தார். முதுகு கொப்புளித்து, விலா உள்வாங்கி, ஒரு கை துணியில் தொங்க, இரண்டு கன்னத்திலும் செருப்பின் அச்சு, அடியில் இருந்த கோடுகூடத் தெரிகிற மாதிரி பதிந்திருந்தது. பார்க்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டு வந்தாள். பார்த்ததும் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"உன் கைதான். எனக்குத் தெரியும்" என்றார் அவர். குரல் மட்டும் பழைய குரல். "அடி. யாரு வேண்டாம்னா? எத்தன நாளைக்கு அடிப்பே? நீ எலிய அடிக்கலாம், என்னைய அடிக்கலாம். வீடு என் வீடு. நான் போன்னு சொன்னா நீ போகத்தான் செய்யணும்."

"ஒரு வார்த்தை, தெரியாம செஞ்சிட்டேன்னு சொன்னா என்ன அண்ணாச்சி?"

"யாருகிட்ட? குடியிருக்க வந்தவகிட்டயா?"

பிரமாச்சி மாவுப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கினாள். படியில் ஆவுடைத்தங்கம் அவளை நிறுத்தி, "அவியளுக்கு நாக்கு மட்டும் முறிய மாட்டேங்குது, பாரு" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரமாச்சிக்குத் தெரியவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஆவுடைத்தங்கம்தான் முதலில் கண்டுபிடித்தாள். எலிகள் குறையக் குறைய ஒவ்வொரு அடியும் அவருக்குக் கனமாக விழுகிறது. எலிகள் கூடினால் அடி பங்கு பிரிந்து லேசாகிவிடுகிறது. அவள் தாமதிக்கவில்லை. நெய் விட்டுப் பிசைந்த சோற்றைப் பொந்து பொந்தாக வைத்தாள். கிட்டங்கியிலிருந்து உளுந்து மூட்டை இறக்கிச் சுவரோரம் அவிழ்த்துக் கொட்டினாள். தெருவில் ஒரு பூனை விடாமல் துரத்தினாள். எலிகள் ஈன்றன, ஈன்றவை ஈன்றன. முற்றத்தில் நடந்தால் காலடியில் அவை ஆறு மாதிரி பிரிந்து வழிவிட்டன. கொடியில் காய்கிற சேலையில் வரிசையாகத் தொங்கின. விளக்கைப் போட்டால் சுவரே நகர்ந்தது. இப்போது பஸ் ஏறி வந்தவர்கள் கல்லைத் தூக்கிப் போட்டால் மாடியில் அவர் லேசாகச் சொறிந்துகொண்டார். கொசுக்கடி அளவுக்குக்கூட இல்லை. வந்தவர்கள் ஏமாந்து போனார்கள், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனார்.

தீத்தாரப்பன் எழுந்து நடந்தார். தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலும் நடந்தார். கீழே இறங்கி வந்து, மோட்டார்ப் பெட்டியை எல்லோரும் பார்க்கப் பூட்டி, சாவியைக் கோத்துக்கொண்டார். "எலி எல்லாம் சௌக்கியமா?" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார்.

பிரமாச்சி மாவு அரைப்பதை விட்டுவிட்டாள். அரைத்தாலும் யார் வாங்குவார்கள்? அரிசியை இரும்பு டிரம்முக்குள் வைத்து மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்தாள். செண்பகத்தைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்ற அசதியில் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது, தெருக் குழாய்க்கு ஒரு குடத்தோடு போனாள். போய்விட்டு வந்தபோது பாயில் குழந்தையைக் காணவில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு குவியல்தான் தெரிந்தது. குடத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளி எறிந்தாள். உள்ளே செண்பகம் இருந்தாள். வாயில் துணி அடைத்த மாதிரி ஒரு எலி கிடந்ததால் அவளால் கத்த முடியவில்லை. இடது காதின் மடல் இல்லை. விரல் நுனிகளில் தோல் இல்லை.

கொம்பையா குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நேரே மாடிக்குத்தான் போனான். பிரமாச்சி பின்னால் போனாள். தீத்தாரப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துண்டை விலக்கிக் காட்டினான். அவர் பார்த்தார். ஒரு நொடி அவர் முகத்தில் என்னவோ அசைந்தது, பிரமாச்சி அதைப் பார்த்தாள், அது வெளியே வந்துவிடும் என்று காத்து நின்றாள். அதற்குள் அவர் சோற்றைப் பிசைந்தார்.

"பிள்ளையப் பாத்துக்கிடத் தெரியலைன்னா காலி பண்ணிட்டுப் போ."

கொம்பையா அவரைத் தொடவில்லை. தொட்டு என்ன ஆகப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையை மைதீன் பெண்டாட்டியிடம் கொடுத்து ஒரு வாடகை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, முற்றத்தின் நடுவில் வந்து நின்று, "எல்லாத்தையும்" என்றான். "ஒண்ணு விடாம எல்லாத்தையும்."

வளவு எழுந்தது. பின்மதில் ஓட்டைகளைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள், வாசலில் பலகையைப் போட்டு அடைத்தார்கள், பொந்துகளுக்கு முன்னால் மிளகாய் வத்தலைக் குவித்துத் தீ வைத்தார்கள். புகை உள்ளே போக, சுவர்கள் இருமின. எலிகள் கொட்டின. மைதீன் கல்லில் பரோட்டா திருப்பும் தகடுகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கடையில் கொத்துகிற அதே தாளத்தில் கொத்தினான். பெண்கள் வெந்நீர் அண்டாக்களைக் கவிழ்த்தார்கள். கொம்பையா தன் லோடு ஆட்டோவின் ஜாக்கிக் கம்பியால் அடித்தான், அடித்து அடித்துக் கை வழுக்கியபோது மண்ணில் துடைத்துக்கொண்டு அடித்தான். குருவம்மாள் உட்கார்ந்தபடி, வெங்காயம் உரிக்கிற பொறுமையோடு, ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் திருகி ஒரு பக்கம் போட்டாள். பிரமாச்சிக்குத் தன் கை என்ன செய்கிறது என்றே தெரியவில்லை. குழவி ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது, முகத்தில் தெறித்ததை நாக்கால் வழித்துத் துப்பிவிட்டு மறுபடி ஏற்றினாள். முற்றம் வழுக்கியது. வடிகால் சிவந்து தெருவுக்குப் போனது.

மேலே முதலில் ஏச்சுக் கேட்டது. பிறகு எலிகள் குறையக் குறைய, ஏச்சு அலறலாகி, அலறல் ஊளையாகி, ஏதோ பெரிய பாத்திரங்கள் உருளுகிற மாதிரி கட்டிலும் உடம்பும் சேர்ந்து அதிர்கிற சத்தம் கேட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் அதுவும் நின்று, ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முனகல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

கடைசி எலியைப் பிடித்தது பிரமாச்சி. உரலுக்கும் சுவருக்கும் இடையில் அது ஒடுங்கியிருந்தது. சின்னது. கைக்குள் எடுத்து மூடியபோது, விரல்களுக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. வளவே அவளைச் சுற்றி நின்றது. முகங்களில் எல்லாம் ரத்தம், புகைக்கு வடிந்த கண்ணீர்.

"கொல்லு" என்றார்கள்.

அப்போது ஆவுடைத்தங்கம் இறங்கி வந்தாள். தாம்பாளம் இல்லை, கும்பிடு இல்லை. சேலைத் தலைப்பு முழுக்க ரத்தமாக இருந்தது. நேரே பிரமாச்சியிடம் வந்தாள்.

"கொன்னுரு தாயி."

பிரமாச்சிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"மேல ஒரு எலும்பு முழுசா இல்ல. கண்ணு ரெண்டும் போச்சு. தோலு கட்டில்ல ஒட்டியிருக்கு. ஆனா உசுரு போக மாட்டேங்குது, எல்லா உசுரும் உன் கைக்குள்ள இருக்கு. நானே கொல்லலாம்னு தலகாணிய எடுத்து அமுக்கிப் பாத்தேன். முடியல. நீ கொன்னாத்தான் உண்டு. உன் பிள்ளை காதுக்கு நான் என்ன சொல்லட்டும்? எலிய வளத்தது நான்தான். என்னைய வேணும்னாலும் அடி. அதக் கொன்னுரு."

"கொல்லாத!" என்று கத்தியது குருவம்மாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். "ஏட்டி பிரமாச்சி, கொல்லாத. எங்கிட்டக் குடு. கெடக்கட்டும். அப்படியே கெடக்கட்டும். பெட்டியில வச்சு நான் பாத்துக்கிடுதேன்."

சற்று முன்னால் கொல்லு என்றவர்களில் ஒருவன் மெல்ல, "குருவக்கா சொல்லுததும் நியாயந்தானே" என்றான். இன்னொருத்தி தலையை ஆட்டினாள். மாடியிலிருந்து அந்த முனகல் வந்துகொண்டே இருந்தது. பிரமாச்சி கொம்பையாவைப் பார்த்தாள். அவன் கம்பியைக் கீழே போட்டுவிட்டு வடிகாலோரம் குந்தி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். தன் பிள்ளையின் காது அவளுக்கு ஞாபகம் வந்தது. சோற்றைப் பிசைந்த கை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின அந்த ஒரு நொடியும் ஞாபகம் வந்தது. குருவம்மாளிடம் கொடுத்தால் இந்த முனகல் நாளைக்கும் கேட்கும், அதற்கடுத்த நாளும் கேட்கும், மாவு அரைக்கும்போது கேட்கும், செண்பகத்துக்குத் தலை சீவும்போது கேட்கும், கேட்டுக் கேட்டு ஒருநாள் கேட்காமலே போய்விடும். அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

குருவம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிரமாச்சி உதறினாள். குருவம்மாள் முடியைப் பிடித்து இழுத்தாள், இருவரும் வழுக்கி அந்த ரத்தச் சேற்றில் விழுந்து புரண்டார்கள், குருவம்மாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள், கடித்தாள், "என் புருசன், என் புருசன்" என்று கத்தினாள். பிரமாச்சி கையை வயிற்றுக்கடியில் கொண்டுபோய், குப்புறப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒரே நெரியாக நெரித்தாள்.

மாடியில், சுமையை இறக்கி வைத்த ஆள் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

போலீஸ் வந்தது. உடம்பைப் பார்த்தார்கள், முற்றத்தைப் பார்த்தார்கள், யாரைக் கேட்டாலும், "நாங்க எலிதான் சார் அடிச்சோம்" என்றார்கள். அது உண்மையாகவும் இருந்தது. விசாரித்து முடித்துத் திரும்பினார்கள். கொம்பையாவும் மைதீனும்தான் தீத்தாரப்பனைப் படி வழியாக இறக்கினார்கள். தானிய மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருந்தது, உள்ளே எல்லாம் தனித்தனியாக நகர்ந்தது என்று கொம்பையா சொன்னான். ஆவுடைத்தங்கம் வீட்டை யாருக்கும் விற்கவில்லை. குழாயில் தண்ணீர் எந்நேரமும் வந்தது. செண்பகம் காது மடல் இல்லாமலே பள்ளிக்கூடம் போனாள். அவளிடம் யாராவது கேட்டால், "எலி தின்னுட்டு. எங்கம்மா எலியத் தின்னுட்டா" என்று சொன்னாள்.

வளவில் பாதிப்பேர் பிரமாச்சியைக் கொலைகாரி என்றார்கள். மீதிப்பேர் அவள் கடைசியில் இளகிவிட்டாள், காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். குருவம்மாள் எதிர்வீட்டில் இருந்துகொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு மழைக்காலத்தையே கழித்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம் தானாக வந்து, வாசல்படியில் உட்கார்ந்தாள். பிரமாச்சி உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

"குடுத்திருந்தா வளத்திருப்பேன்ட்டி" என்றாள் குருவம்மாள். "பாலும் சோறும் வச்சு வளத்திருப்பேன். எனக்கு முன்னால அதச் சாகவே விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா. அதான் குடுக்கல."

குருவம்மாள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "இப்ப வெறுங்கையா இருக்கு. என்ன செய்யன்னு தெரியல."

"எனக்கு அப்படி இல்ல" என்றாள் பிரமாச்சி. உளுந்துத் தண்ணீரிலிருந்து வலது கையை எடுத்து, சேலையில் துடைத்து, நீட்டினாள். "அதோட நெஞ்சு இன்னும் அடிக்குக்கா. பாருங்க."

குருவம்மாள் அந்த உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். சின்னதாக, வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையை விடவில்லை. இருவரும் அது ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.